மலைக்குச் செலுத்த வேண்டிய கடன்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப்பட்டன. நிலத்தை ஐந்தாகப் பகுத்த பழந்தமிழர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வத்தையும் பூவையும் பறவையையும் வகுத்ததோடு அமையாது, அங்கு வாழும் மக்களையும் அவர்தம் தொழிலையும் உடன்வைத்தே வகுத்தனர். மக்களை நீக்கிவிட்டு நிலத்தைப் பேசும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கும் கபிலரும், தினைப்புனம் காக்கச் சென்ற பெண்கள் கொய்து குவிக்கும் மலர்களாகவே அவற்றைக் காட்டுகிறார். மலை என்றால் மலைவாழ் மக்களும் அதனுள் அடக்கம் என்பது தமிழ் மரபு.

இன்று மலை விற்பனைக்கு வரும் முறை வேறு. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் நகரிலும் பயண நிறுவனங்கள் ஒட்டி வைத்திருக்கும் வண்ணத்தாள்களில் மலை இருக்கும், பனிமூட்டம் இருக்கும், தங்கும் நாள், உண்ணும் வேளை, தலைக்கு இத்தனை வெள்ளி என்ற கணக்கு ஆகியவையும் இருக்கும். மலையில் வாழும் மனிதன் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும், அழகுக்காக நிறுத்தப்பட்ட உருவமாகவே இருப்பான்.

பயண நிறுவனம் விற்கும் பொருள் யாருடையது? பேருந்தை அது வாடகைக்கு எடுக்கிறது. விடுதி அறையை முன்பதிவு செய்கிறது. இவற்றுக்கு விலை கொடுக்கிறது. ஆனால், பயணி மலைக்குச் செல்வது பேருந்துக்காகவும் அறைக்காகவும் அன்று. அவன் நாடிச் செல்லும் குளிர்காற்றையும் காட்டையும் அருவியையும் எந்த நிறுவனமும் உண்டாக்கவில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றை முன்னிறுத்திப் பொருளீட்டுகிறவன், அதனோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோர்க்குப் பட்டிருக்கும் கடன் யாது? வணிகக் கேள்வியைப் போலத் தோன்றினாலும் இஃது அறத்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

விலையும் கடனும்

தமிழில் கடன் என்னும் சொல் இரு பொருள் தரும். திருப்பிச் செலுத்த வேண்டிய பணமும் கடன். ஆற்ற வேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததில் ஆழ்ந்த கருத்து ஒன்று உண்டு. பெற்றவன் எவனோ, அவனே கடமைப்பட்டவன் என்பதே அக்கருத்து.

விலை இதனின் வேறுபட்டது. விலை கொடுத்ததும் வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையிலான உறவு முடிந்துவிடுகிறது. மலைப்பயணம் செல்வோர், பணம் கட்டிவிட்டோம், இனி நமக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று எண்ணுவது இதனாலேதான். ஆனால், அவர்கள் கட்டிய பணம் எதற்கு விலையாயிற்று என்று ஆராய்ந்தால் உண்மை புலப்படும். மிதிபட்டுச் சிதையும் பாசிக்கும், கலங்கும் ஓடைக்கும், ஊரின் நடுவே குவியும் நெகிழிக் குப்பைக்கும், வாரந்தோறும் அயலார் வந்து எட்டிப் பார்ப்பதால் குலையும் அமைதிக்கும் எந்தப் பற்றுச்சீட்டிலும் இடமில்லை. இச்செலவுகள் மறைந்து போவதுமில்லை. அவற்றைச் செலுத்துகிறவர்கள் மலைவாழ் மக்களே.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்து ஈகை என்னும் அதிகாரம் அமைந்திருப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவாயினும் வள்ளுவர் அவற்றை ஒன்றாக்கவில்லை. ஈகை இல்லாதவனுக்கு இரங்கி அளிப்பது. ஒப்புரவு உலகத்தோடு தான் கொண்டுள்ள உறவை அறிந்து, தன் கடமையெனச் செய்வது. ஆண்டுக்கொரு முறை பூர்வகுடிச் சிற்றூருக்குப் பழைய துணிகளையும் மிட்டாய்ப் பொட்டலங்களையும் கொண்டுபோய்க் கொடுத்து, நிழற்படம் எடுத்துத் திரும்புவதை ஈகை என்று வேண்டுமானால் கூறலாம். ஆண்டு முழுவதும் அச்சிற்றூரின் பாதையாலும் காட்டாலும் பொருளீட்டும் நிறுவனத்திடம் எதிர்பார்க்கத்தக்கது ஒப்புரவு.

மலையும் பள்ளத்தாக்கும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு மலை தொலைவில் இருக்கும் காட்சிப்பொருள் அன்று. கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைகளில் பிறந்து, கோம்பாக் ஆற்றோடு கலந்து, நகரின் நடுவே ஓடிக் கிள்ளான் துறைமுகத்தருகே கடலை அடைகிறது. மேலே கலங்கிய நீர் கீழே தெளிந்து வருவதில்லை.

இப்பள்ளத்தாக்கின் குடிநீருக்காகக் கோல குபு பாருவுக்கு அருகே சுங்கை சிலாங்கூர் அணை கட்டப்பட்டபோது, கெராச்சி, பெர்த்தாக் என்னும் தெமுவான் பூர்வகுடியினரின் ஊர்கள் இடம்பெயர நேர்ந்தது. பிரேசர் மலைக்குச் செல்லும் பேருந்துகள் இன்று அவ்வணையின் ஓரமாகவே செல்கின்றன. நீர்ப்பரப்பின் அழகைக் கண்டு பயணிகள் மகிழ்கின்றனர். அந்நீரின் அடியில் சிலருடைய பழைய வாழிடம் கிடக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வழிகாட்டிகள் எத்தனை பேர்? சொல்வதற்குச் செலவேதும் ஆகாது. ஆயினும், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட மாணவன் வீட்டில் குழாயைத் திறக்கும்போது, நீர் வரும் வழியையும் அதற்கு இடங்கொடுத்தவர்களையும் நினைப்பான்.

கேமரன் மலையின் படிப்பினை

1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்ற மேட்டுநிலம் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் சரிவுகளைப் பசுமையாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுக்கு முன்பிருந்தே அம்மலைக்காடுகளில் வாழ்ந்து வருவோர் செமாய் மக்கள்.

இன்று பள்ளி விடுமுறை வந்தால் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை வாகனங்கள் நகராமல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். பிரிஞ்சாங் மலையுச்சிக்கருகே உள்ள பாசிக்காட்டின் தரை, மக்கிய இலையும் வேரும் பாசியும் நெடுங்காலம் சேர்ந்து பஞ்சுபோல் ஆனது. அதன்மேல் நடக்காதிருக்க மரத்தாலான நடைபாதை அமைக்க வேண்டியதாயிற்று. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபுபாக்கார் அணையின் நீர்த்தேக்கம், மேட்டுநிலங்களில் காடழிக்கப்பட்டதால் அடித்து வரப்பட்ட மண் படிந்து தூர்ந்து வருகிறது. 2013 அக்டோபரில் பெய்த கனமழையின்போது அவ்வணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைக் குடித்தது.

இக்கேடுகள் அனைத்துக்கும் பயண நிறுவனங்களே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட்டன. எனினும், அங்குக் கட்டடங்கள் பெருகியது யாருக்காக? வந்து தங்குவோர்க்காக அன்றோ? வாரக் கடைசியில் எல்லாரையும் ஒரே சந்தைக்கும் ஒரே பண்ணைக்கும் கொண்டுபோய் இறக்கும் திட்டத்தை வகுக்கிறவர், அந்நெரிசலில் தமக்குப் பங்கில்லை என்று ஒதுங்க இயலாது. வார நாள்களில் சிறுசிறு குழுவாக அழைத்துச் செல்வதும், செமாய் வழிகாட்டியரை அமர்த்தி, அவர்கள் இசைந்த பாதையில் மட்டும் காட்டைக் காட்டுவதும் எந்த நிறுவனத்துக்கும் இயலாத செயல்கள் அல்ல.

கினபாலு காட்டும் உறவு

4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை சபா மாநிலத்து டூசுன் மக்களுக்கு முன்னோரின் ஆவிகள் உறையும் இடம். 2015 மே இறுதியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் அம்மலையுச்சியில் ஆடை களைந்து நிழற்படம் எடுத்துக்கொண்டனர். அடுத்த சில நாள்களில், ஜூன் 5ஆம் நாள், ரிக்டர் அளவில் 6.0 என மதிப்பிடப்பட்ட நிலநடுக்கம் மலையை உலுக்கியது. 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிச் சிறுவர்களும் ஆசிரியர்களும் மலை வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர்.

அவ்விரு நிகழ்ச்சிகளையும் காரணகாரியமாக இணைப்பதை அறிவியல் ஏற்பதில்லை. நிலநடுக்கம் நிலப்பிளவின் விளைவு. ஆயினும், அந்நாள்களில் இணைத்துக் காணத்தக்க வேறோர் உண்மை வெளிப்பட்டது. எந்த மக்களின் நம்பிக்கையை வந்தவர் சிலர் விளையாட்டாக எண்ணினரோ, அதே மக்களின் பிள்ளைகளே, பாறைகள் உருண்டுகொண்டிருந்த மலையில், காயமுற்ற பயணிகளைத் தாங்கிக் கீழே கொண்டுவருவதில் முன்னின்றனர். கூலிக்கு வந்த வழிகாட்டி அவ்வேளையில் தன் உயிரைக் காத்துக்கொள்ள ஓடியிருந்தால் அவனை யார் குறை கூற முடியும்? அவர்கள் ஓடவில்லை. விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்றை அவர்கள் கொடுத்தனர். அதற்கு ஈடாகப் பயணிகளிடம் எதிர்பார்க்கப்படுவது மிகச் சிறிது: செல்லும் இடம் பிறருடைய கோயில் என்னும் அறிவு. அவ்வறிவைப் பேருந்து புறப்படுமுன் ஊட்ட வேண்டியவர் பயணத்தை விற்றவரே.

கினபாலுவில் வழிகாட்டி இன்றி ஏற இயலாது. நாள்தோறும் ஏறுவோரின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இவ்விரண்டு விதிகளும் மலையைக் காக்கின்றன. மலையடிவார மக்களுக்கு வேலையும் தருகின்றன. மலையைக் காப்பதும் மக்களைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்றாகும்.

மறுக்கத் தெரிதல்

2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் மண் சரிந்தது. பண்ணை ஒன்றில் கூடாரமிட்டு உறங்கிக்கொண்டிருந்த விருந்தினர்களுள் 31 பேர் புதையுண்டு மாண்டனர். பள்ளி விடுமுறைக் காலமாதலின் குழந்தைகளும் ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். முகாம் நடத்துவதற்கான உரிமம் அவ்விடத்துக்கு இல்லை என்று அப்போது அரசு தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

மழைக்காலத்தில் மலைச்சரிவு என்ன ஆகும் என்பதை அவ்விடத்துப் பழங்குடி மக்கள் தம் பட்டறிவால் அறிவர். பொறியாளர் தம் கணக்கால் அறிவர். இருவரையும் கேளாமல் இடத்தை விற்பது பெருங்குற்றம். பயண நிறுவனத்தின் அறம் கொடுப்பதில் மட்டும் இல்லை, மறுப்பதிலும் இருக்கிறது. “இம்மாதத்தில் அங்கு அழைத்துச் செல்வதில்லை” என்று கூறி வருமானத்தை இழக்கத் துணியும் நிறுவனமே நம்பத்தக்கது. மலைக்குத் தீங்கு செய்யாத நிறுவனம் பயணிக்கும் தீங்கு செய்யாது. இரண்டும் ஒரே கவனத்திலிருந்து பிறப்பவை.

படத்தில் நிற்போர் யார்?

மலேசியத் தமிழர்க்கு இக்கேள்வியில் தனித்த பொறுப்பு ஒன்று உண்டு. கோலாலம்பூரிலிருந்து இலங்கைக்குச் செல்லும் பயணங்களில் நுவரெலியா தவறாமல் இடம்பெறுகிறது. அங்குத் தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண்களை நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்பெண்கள் தமிழ் பேசுவர். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கென்று கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அம்மக்கள் குடியுரிமை இழந்தனர். மலையகத்துக்கு அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தனர். அவர்களுள் பலர் இன்றும் வாழ்வது லயங்களில்.

லயம் என்ற சொல்லை மலேசியத் தமிழர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் பாட்டனும் பாட்டியும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களே. அன்று அந்தப் பாட்டி மரத்தடியில் பால்வாளியோடு நின்றபோது, காரிலிருந்து இறங்கிய ஒருவர் பெயரும் கேளாமல் படமெடுத்துச் சென்றிருந்தால், அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இன்று அவருடைய பேரன் கருவியைக் கையில் ஏந்தி எதிர்ப்புறத்தில் நிற்கிறான். இடம் மாறியதே ஒழிய, உறவு மாறவில்லை. பெயரைக் கேட்பதும், இசைவு பெற்றபின் படமெடுப்பதும், அவர்கள் தயாரித்ததையோ சமைத்ததையோ நேரே அவர்களிடம் வாங்குவதும் பெரிய செயல்கள் அல்ல. அவற்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்காத பயணத்திட்டம் குறையுடையது.

எதிர்வாதங்கள்

இதற்கு மறுமொழியாக இரண்டு வாதங்கள் கூறப்படும். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதலாவது வணிகரின் வாதம். கட்டணத்தை உயர்த்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவர் என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால், அடுத்த கடைக்குச் செல்பவர் யார்? பயணம் போகும் பொதுமக்களும் பள்ளிகளும் சங்கங்களுமே. ஆகவே, பழியில் பாதி வாங்குவோரைச் சாரும். நாற்பது மாணவர் செல்லும் பேருந்தில் தலைக்கு 5 வெள்ளி கூடினால் 200 வெள்ளி சேரும். அவ்வூர் வழிகாட்டி ஒருவருக்குக் கொடுக்க அது பயன்படும். அந்த ஐந்து வெள்ளியும் பாரமாகும் பெற்றோர் தமிழ்ப்பள்ளிகளில் உள்ளனர் என்பதும் மறுக்க முடியாதது. அங்கே கட்டணத்தைக் கூட்டாமலே ஆவன செய்யலாம். மதிய உணவை நிறுவனத்தின் வழக்கமான விடுதியில் உண்ணாமல், ஊர் மக்கள் சமைத்துத் தர உண்டால், அதே பணம் வேறு கைக்குச் செல்கிறது.

இரண்டாவது வாதம் மலைவாழ் மக்களின் பெயரால் எழுவது. அவர்களுக்கும் வருமானம் வேண்டும். கட்டுப்பாடு அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும் என்பது அது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வாகனங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. மலையில் கடை வைத்திருப்போர் அதனை எதிர்த்தனர். அவர்கள் கவலை பொய்யன்று. மலைமக்கள் வறுமையில் கிடந்தால்தான் காடு தழைக்கும் என்று எண்ணுவது இரக்கமற்ற அறமாகும்.

ஆனால், இவ்வரம்பை நீதிமன்றம் விதிக்க நேர்ந்தது ஏன் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். கொண்டுசெல்வோர் தாமே அளவறிந்து நடந்திருந்தால் ஆணைக்கு வேலை இருந்திராது. நேபாளத்தில் 1986இல் கந்துருக் என்னும் சிற்றூரில் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் மாற்றுவழி ஒன்றைக் காட்டிற்று. பயணிகளிடம் பெறும் நுழைவுக் கட்டணம் பாதைக்கும் காட்டுக்கும் ஊர்ப்பணிகளுக்கும் திரும்பியது; அதில் ஊர்க்குழுக்களும் பங்கேற்றன. விடுதிகளில் விறகுக்கு மாற்றாக மண்ணெண்ணெய் முதலியன புகுத்தப்பட்டன. மரம் காக்கப்பட்டால் தம் வருமானமும் நிலைக்கும் என்பதை ஊரார் கண்டனர். கட்டுப்பாட்டை வெளியார் சுமத்துவதும் உள்ளூரார் தாமே வகுப்பதும் ஒன்றல்ல என்பதே இங்குக் கொள்ளத்தக்க பாடம்.

ஆசிரியர் கேட்க வேண்டியவை

பயண நிறுவனங்கள் ஆற்ற வேண்டியவை இவற்றிலிருந்து தெளிவாகும். அவ்வூராரையே வழிகாட்டிகளாக அமர்த்தித் தக்க ஊதியம் தருதல். மலை தாங்கும் அளவுக்கு மேல் ஆள் சேர்க்காதிருத்தல். கொண்டுசென்ற குப்பையைக் கீழே கொண்டுவருதல். வருவாயில் ஒரு பங்கை, எதற்குச் செலவிடுவது என்பதை ஊராரே முடிவுசெய்யுமாறு அளித்தல். தீங்கு நேரும் காலத்தில் பயணத்தை நிறுத்துதல்.

இவற்றை நிறுவனங்கள் தாமாகச் செய்யும் என்று காத்திருப்பதைவிட, கேட்போர் கேட்டால் விரைவில் நடக்கும். பள்ளிச் சுற்றுலாவுக்கு விலைப்புள்ளி பெறும் ஆசிரியர், “தலைக்கு எவ்வளவு?” என்னும் கேள்வியோடு வேறு நான்கையும் கேட்கலாம். வழிகாட்டி எந்த ஊரைச் சேர்ந்தவர்? உணவு யார் கையால் ஆனது? தங்குமிடத்துக்கு உரிமம் உண்டா? குப்பை எங்கே போகும்? இந்நான்கு கேள்விகளையும் மாணவர் முன்னிலையிலேயே கேட்டால், நன்னெறிப் பாடத்துக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

பறம்பு மலையை ஆண்ட பாரியிடம் இருவகையினர் வந்தனர் என்பது தமிழ் மாணவர் அறிந்த வரலாறு. பாடி வந்த பாணர்க்கும் புலவர்க்கும் அவன் தன் முந்நூறு ஊர்களையும் கொடுத்தான். படையொடு வந்த மூவேந்தர்க்கு மலை பணியவில்லை. இறுதியில் பாரியை அவர்கள் வீழ்த்தினர். ஆயினும், அவர்கள் பெற்றது பாரி இல்லாத பறம்பையே. இன்று மலைக்குச் செல்வோர் முன்னும் அவ்விரு வழிகளே உள்ளன. படையாகச் செல்வோர்க்குக் கிடைப்பது வாழ்வு நீங்கிய வெறும் மேடு. பாணராகச் செல்வோர்க்கு மலை தன்னையே தரும். பெற்றுக்கொண்டவர் கடனை மறவாதிருக்கும் வரையில் தந்துகொண்டே இருக்கும்.